நான்கு மாடி, இரண்டு வாளி

பம்பு கம்பெனியில் இருபத்தைந்து வருஷம் தண்ணீர் ஓட்டத்தைக் கணக்குப் போட்டவர் நஞ்சப்பன். ஐம்பத்துமூன்று வயதில், தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரான இதய மருத்துவர் ஜெசிந்தாவிடம் சீடராகச் சேர்ந்தார். நோயாளியின் இதயத்தை ஸ்கேன் எடுத்து, அச்சு அசலாக அதையே கணினிக்குள் கட்டி, ரத்தத்தை ஓடவிட்டுப் பார்ப்பது இப்போது அவர் வேலை.

அன்று அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. அவருக்கு வந்தால் லேசில் போகாது.

"டாக்டர், அந்த அங்கம்மா நடிக்கறாங்க."

"எப்படிச் சொல்றீங்க சார்?"

"அவங்க இதயத்தை மூணு நாளா ஓட்டிப் பார்த்தாச்சுங்க. வால்வுல ரத்தம் வாய்க்கால் தண்ணி மாதிரி வழுக்கிட்டுப் போகுது. இவங்க என்னடான்னா மூச்சு அடைக்குதுங்கறாங்க. அபார்ட்மெண்ட்ல மாடிப்படி கழுவற வேலை. லீவு வேணுமாட்ட இருக்குது."

"ஆபரேஷன் வேண்டாம்னு எழுதப் போறீங்களா?"

"எழுதியே ஆச்சுங்க. நீங்க கையெழுத்துப் போட்டா இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடலாம்."

ஜெசிந்தா அங்கம்மாவை உள்ளே கூப்பிட்டார்.

"ஸ்கேன் எடுக்கறப்ப எப்படிம்மா இருந்துச்சு?"

"ஜில்லுன்னு இருந்துச்சுங்க. படுக்க வெச்சு, அசையக் கூடாதுன்னாங்க. அங்க எனக்கு ஒண்ணுமே பண்ணலைங்க. வாளியத் தூக்கிட்டு மூணாவது மாடி ஏறுனாத்தானுங்க உசுரு போகுது."

நஞ்சப்பன் குனிந்து கிசுகிசுத்தார். "கேட்டீங்களா? அங்க ஒண்ணுமே பண்ணலையாம். அவங்க வாயாலயே மாட்டிக்கிட்டாங்க."

ஜெசிந்தா நஞ்சப்பனையே கட்டிலில் படுக்கச் சொன்னார். மணிக்கட்டைப் பிடித்து எண்ணி, ஒரு தாளில் எழுதினார்.

"இப்ப ரெண்டு வாளி தண்ணியத் தூக்கிட்டு நாலாவது மாடி வரைக்கும் போய்ட்டு வாங்க சார்."

"எனக்கு எதுக்குங்க?"

"போய்ட்டு வாங்க."

இதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

திரும்பி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாளிகளை வைத்துவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டார். வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது.

அங்கம்மா எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். "உக்காருங்க. பேசாதீங்க, அது அடங்கட்டும்."

கையெழுத்தில்லாத ரிப்போர்ட்டை ஜெசிந்தா அவர் மடியில் வைத்தார். அவர் படுத்திருந்தபோது எழுதிய தாளை எடுத்து, நஞ்சப்பனின் குரலிலேயே, அவர் இழுக்கும் அதே இழுப்போடு படித்தார்.

"துடிப்பு அறுபத்தாறு. மூச்சு சீரா இருக்குது. உங்களுக்கு ஒண்ணுமே இல்லைங்க. ஏனுங்க நடிக்கறீங்க?"