கைதட்டு கேட்ட முதலாளி

தீப்பெட்டி ஆலை முதலாளி தெய்வநாயகம் சுற்றுவட்டாரக் கபடிக் குழுக்களுக்கெல்லாம் பணத்தை வாரிக் கொடுத்தார். "மகராசன்!" என்றார்கள் பாதிப் பேர். "தேர்தல் வருதுல்ல?" என்றார்கள் மீதிப் பேர். மைக் செட் போடும் தவசியிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு அவன் வாய் திறப்பதே மைக்கில்தான்.

பெண்கள் இறுதிப் போட்டியில், எதிரணிக்குள் ரைடு பாடிப் போன உள்ளூர்ச் செல்வராணிக்கே கூட்டம் முழுக்கக் கைதட்டியது. முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. தவசியைக் கூப்பிட்டார்.

"காசு போட்டவன் நான். அவளவிட எனக்குப் பலமா தட்டணும். இல்லேன்னா அடுத்த வருஷம் குழுவும் கிடையாது, உன் மைக்கும் கிடையாது."

"ஆகட்டும் முதலாளி."

தவசி மைக்கைப் பிடித்தான். "அடுத்து ரைடு வருகிறார், நம் வள்ளல் தெய்வநாயகம் அவர்கள்!"

மைதானமே அதிர்ந்தது. விசில் பறந்தது. பட்டு வேட்டியைப் பிடித்தபடி எழுந்த முதலாளி, எதிரணிப் பெண்கள் தொடைதட்டி நிற்பதைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரே சிரிப்பு.

தவசி விடவில்லை. "வள்ளல் தன் முறையைச் செல்வராணிக்கே விட்டுக்கொடுக்கிறார்! அடுத்த வருஷமும் குழுவுக்குப் பணம் கொடுப்பார்!"

இன்னும் பலமாகத் தட்டினார்கள். முதலாளி வேறு வழியில்லாமல் எழுந்து கும்பிட்டார்.

வென்ற கோப்பையோடு ஊரே விருந்துக்குப் போயிற்று. தவசியை யாரும் கூப்பிடவில்லை. வயரைச் சுருட்டப் போனவன் நின்று, வெறும் மைதானத்தைப் பார்த்து மைக்கில் மெதுவாகக் கேட்டான்:

"தவசி, சாப்பிட்டியாப்பா?"