சடையப்பன் எலுமிச்சை

எங்கள் மலையில் இந்தச் சங்கதியைச் சொல்கிறவர்கள் தீயிலிருந்து தொடங்க மாட்டார்கள். பாயசத்திலிருந்துதான் தொடங்குவார்கள். நானும் அப்படியே தொடங்குகிறேன்.

ஐப்பசியில் ஒரு காலை, சடையப்பன் ஊருக்கே பாயசம் ஊற்றினார்.

அதற்கு ஆறு மாதம் முன்னால், பங்குனிக் கடைசியில், மேட்டுப் புல்லில் பிடித்த தீ இறங்கி வந்து அவருடைய மூன்று ஏக்கரையும் தின்றுவிட்டுப் போயிருந்தது. எண்பது எலுமிச்சை மரம், வாழை, மாட்டுக் கொட்டகை, வீட்டுக் கூரை எல்லாம் போச்சு. அவிழ்த்துவிட்டதால் மாடு பிழைத்தது. ஓடைத் தண்ணீரில் இறங்கி நின்றதால் அவரும் அவர் மனைவி வெள்ளத்தாயியும் பிழைத்தார்கள். அப்படிப்பட்ட மனுசன் அண்டா வைத்துப் பாயசம் காய்ச்சினால் ஊர் என்ன நினைக்கும்? ஆளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்தது. இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் நினைத்தது.

விஷயம் வேறொன்றுமில்லை. மழை விழுந்த பிறகு கருகிய எலுமிச்சைக் கட்டைகளின் அடியில் துளிர் வந்திருந்தது. நாற்பது கட்டைகளுக்கு மேல். பென்சில் கனத்துக்கு, இடுப்பு உயரத்துக்கு, பச்சைப் பசேல் என்று.

அந்த மரங்கள் சாதாரண மரங்கள் இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் ஓடைக்கரையில் தானாக முளைத்து நின்ற ஒரு கன்றைச் சடையப்பன் கண்டுபிடித்தார். காகிதம் மாதிரித் தோல், கை பட்டாலே மணக்கும், வருஷம் முழுக்கக் காய்க்கும். அதில் குச்சி எடுத்து, காட்டு எலுமிச்சை வேரில் ஒட்டுக் கட்டி, எண்பது மரம் ஆக்கினார். கீழே சந்தையில் அதற்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். சடையப்பன் எலுமிச்சை. அந்தப் பெயர் அவர் தலைக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. ஒரு குச்சி கொடுங்கள் என்று யார் கேட்டாலும் கொடுக்க மாட்டார். வேலியில் மூன்றடுக்கு முள் கட்டியிருந்தார்.

தீக்குப் பிறகு திருப்பூரிலிருந்து மகன் வாராவாரம் போன் போட்டான்.

"இங்க வந்துடுங்கப்பா. அங்க இன்னும் என்னத்தப் பாக்குறீங்க?"

வெள்ளத்தாயிதான் கெடு வைத்தாள்.

"தை வரைக்கும் இருந்து பாப்போம். நம்ம மரம் வரலைன்னா மூட்டையைக் கட்டிருவோம். எனக்கு இந்தக் கரிக்கட்டைங்க மூஞ்சியில முழிச்சு முழிச்சு வயிறு எரியுது."

அதனால்தான் பாயசம்.

ஊற்றி முடித்த கையோடு, ஒரு துளிரை ஒடித்துக்கொண்டு சடையப்பன் சுனைக்கு ஏறினார். சுனை ஓரத்தில் ஓட்டு வீட்டில் ஓர் அம்மாள் இருந்தாள். பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. சுனையம்மா என்பார்கள். முன்பு கீழ்நாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்தவள் என்று பேச்சு. வயது நாற்பத்தைந்து இருக்கும். சடையப்பனுக்கு அறுபது. ஆனாலும் அவர்தான் சீடர். ஒன்பது வருஷமாகச் செவ்வாய்க்கிழமை தவறாமல் போய் முற்றம் கூட்டி, விறகு பிளந்து போட்டு, ஏதாவது ஒன்று கேட்டுவிட்டு வருவார். அவர் அவளைச் சாமி என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

"சாமி, என் தோட்டம் திரும்பி வந்துருச்சு!"

சுனையம்மா அவரைச் சுனைத் தண்ணீரில் முகம் கழுவச் சொன்னாள். பிறகு துளிரை வாங்கினாள். ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி அவர் மூக்கருகே நீட்டினாள்.

"மோந்து பாருங்கண்ணே."

அவர் மோந்தார். பழைய மணம் இல்லை.

"முள்ளைத் தொட்டுப் பாருங்க."

விரல் நீள முள். அவர் தொடவில்லை. தொட வேண்டிய அவசியமும் இல்லை. ஒட்டுக் கட்டுகிறவருக்குத் தெரியாதா? மேலே கட்டிய நல்ல மரம் வெந்து போய், அடியில் இருந்த காட்டு வேர் துளிர்த்திருக்கிறது. முதல் நாளே தெரிந்திருக்க வேண்டியது. ஆசை கண்ணை மறைத்துவிட்டது. பாயசம் வேறு ஊற்றித் தொலைத்தாயிற்று.

சடையப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்தார். வெட்கத்தில் காது சிவந்து, கண் கலங்கிவிட்டது.

"அப்ப என் மரம் இனிமே எப்படித்தான் வரும் சாமி? உலகத்துல வேற எங்கயும் இல்லாத மரம். அதுவும் எரிஞ்சுபோச்சு."

சுனையம்மா எழுந்தாள். உள்ளே போனாள். உப்புப் போட்டு ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாறு கலந்துகொண்டு வந்து நீட்டினாள்.

"வெயில்ல வந்திருக்கீங்க. குடிங்க."

ஒரு வாய் குடித்தார். டம்ளர் அந்தரத்தில் நின்றது. இன்னொரு வாய் குடித்தார்.

"சாமி!"

"ம்."

"இது என் எலுமிச்சை!"

"அப்படியா?"

"இந்த மணம் எனக்குத் தெரியாதா? பெத்த பிள்ளையை அடையாளம் தெரியாமப் போகுமா? எங்க கிடைச்சுது?"

"கோட்டைச்சாமி சம்சாரம் போன வாரம் ஒரு கூடை கொண்டுவந்து வச்சிட்டுப் போனா."

சடையப்பன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். வைத்த வேகத்தில் பாதி சிந்தியது.

கோட்டைச்சாமி ஓடைக்கு அந்தக் கரைக்காரர். தீ ஓடையைத் தாண்டாததால் அவர் தோட்டம் தப்பியது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், சடையப்பன் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நேரம், வேலியில் கைவிட்டு எட்டுக் குச்சி வெட்டிப்போனவர் அவர்தான். சடையப்பன் அவரைச் சந்தையில் லாரி முன்னால் நிறுத்தி, நாலு பேர் கேட்க, "திருட்டுப்பய" என்று கத்தினார். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. அந்தக் குச்சிகள் பிடித்தனவா என்றுகூடச் சடையப்பன் பிறகு எட்டிப் பார்த்ததில்லை.

"திருட்டுப் பழத்தைக் குடிக்க வச்சிட்டீங்களே சாமி!"

"மிச்சம் இருக்கு. குடிச்சு முடிங்க."

குடித்து முடித்தார். அவர் மனசு வேண்டாம் என்றது, நாக்கு கேட்கவில்லை.

கிளம்பும்போது சுனையம்மா ஒரு பிரம்புக் கூடையை எடுத்து வந்தாள்.

"போற வழியில இதைக் கோட்டைச்சாமி வீட்டுல கொடுத்திருங்கண்ணே. அவங்க கூடை."

"நானா?"

"உங்க வழியிலதான இருக்கு?"

குருவின் சொல். தட்ட முடியாது. கூடையையும் துளிரையும் வாங்கிக்கொண்டு இறங்கினார். பாதி வழியில்தான் அடுத்த வம்பு நினைவுக்கு வந்தது. எங்கள் மலையில் ஒருவர் பொருள் போட்டுக் கொடுத்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் இல்லை. அரைப் படி உப்பாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். சுனையம்மா வெறும் கூடையைக் கொடுத்துவிட்டாள். மறந்து கொடுக்கிற ஆள் அவள் இல்லை.

வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னார். வெள்ளத்தாயி அண்டாவைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"பாயசத்துக்கு வாங்கின வெல்லத்தைத் திருப்பிக் கொடுத்தா கடைக்காரன் வாங்குவானா?"

"கிண்டல் பண்ணாத. கூடையில போட என்ன இருக்கு நம்மகிட்ட? சாம்பலா?"

"அந்தச் சாம்பல்ல நான் என்ன போட்டேன்னு ஆறு மாசத்துல ஒரு நாள் திரும்பிப் பாத்தீங்களா?"

அவர் பார்த்திருக்கவில்லை. எலுமிச்சைக் கட்டைகளைத் தவிர எதையும் அவர் பார்த்திருக்கவில்லை. வெள்ளத்தாயி அவரைக் கொட்டகை இருந்த இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். வெந்த சுவர்மேல் பரங்கிக்கொடி ஏறிக் கிடந்தது. இலைக்கு அடியில் அங்கங்கே காய். பத்துப் பன்னிரண்டு இருக்கும். ஒவ்வொன்றும் குடம் அளவு.

"அடேயப்பா!" என்றார் சடையப்பன்.

தீக்குப் பிறகு எலுமிச்சை தவிர வேறொன்றுக்காக அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது என்று வெள்ளத்தாயி பிற்பாடு சொல்வாள்.

இருப்பதிலேயே பெரிய காயைக் கூடையில் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு, கையில் அந்த முள் துளிரோடு, சடையப்பன் ஓடையைத் தாண்டினார். கோட்டைச்சாமி களத்தில் எலுமிச்சை கொட்டித் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய நாய் படுத்திருந்தது.

பேச்சு அற்றுப்போன இரண்டு பேர் எதிரெதிரே வந்துவிட்டால் யாரிடமாவது பேசித்தானே ஆக வேண்டும்? சடையப்பன் நாயிடம் பேசினார்.

"கூடையைக் கொடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

கோட்டைச்சாமியும் நாயிடமே சொன்னார்.

"கூடைக்குள்ள என்னமோ இருக்கே."

"பரங்கிக்காய்."

"எரிஞ்ச காட்டுலயா?"

"எரிஞ்ச காட்டுலதான்."

நாய் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டது. இனி பேசுவதென்றால் நேராகத்தான் பேச வேண்டும்.

கோட்டைச்சாமி கூடையை இறக்கி வைத்தார். சடையப்பன் கையில் இருந்த துளிரைப் பார்த்தார். அவரும் தோட்டக்காரர். சொல்லாமலே புரிந்துவிட்டது.

"வேர் தப்பிச்சிருக்கு."

"ஆமா."

"மேல கட்டக் குச்சி இல்ல."

சடையப்பன் துளிரைக் கை மாற்றினார். "கேக்கத்தான் வந்தேன்" என்ற இரண்டு சொல், இரண்டு மூட்டை கனம் கனத்தது. அதைச் சொல்லாமல் வேறொன்றைச் சொன்னார்.

"அன்னைக்குச் சந்தையில நான் சொன்னது..."

"நீ சொன்னது நெசந்தான்யா. நான் திருடித்தான் எடுத்தேன்." கோட்டைச்சாமி ஒரு பழத்தை எடுத்து வேட்டியில் துடைத்தார். "கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

சடையப்பன் யோசித்தார்.

"குடுத்திருக்க மாட்டேன்."

"அப்ப?"

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தார்கள், முடியவில்லை. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த கோட்டைச்சாமியின் மனைவி, இருவரும் களத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் காபி போடப் போனாள்.

"குச்சி எத்தனை வேணும்?"

"மரத்துக்கு ஒண்ணு. நாப்பத்திரெண்டு."

"ஒட்டுக் கத்தி இருக்கா?"

"பிடி வெந்துபோச்சு."

கோட்டைச்சாமி கூரை இடுக்கில் சொருகியிருந்த தன் கத்தியை எடுத்தார். மாட்டுக்கொம்புப் பிடி, சவரக்கத்தி மாதிரிக் கூர். துடைத்துக் கையில் கொடுத்தார்.

"வா. எந்தக் கிளைன்னு நீயே பாத்து வெட்டிக்க."

அன்றும் மறுநாளும் இரண்டு பேரும் சேர்ந்து கட்டினார்கள். காட்டுத் துளிரின் பட்டையைக் கீறி, நல்ல குச்சியிலிருந்து சீவிய மொட்டை உள்ளே சொருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கி. இருபது நாள் கழித்து நாடாவை அவிழ்த்துப் பார்த்தபோது முப்பத்தைந்து மொட்டு பச்சையாக இருந்தது. தை பிறந்தது. வெள்ளத்தாயி மூட்டை கட்டவில்லை. பொங்கலுக்கு வந்த மகனுக்குத்தான் மூட்டை கட்டினாள், பரங்கிக்காய் மூட்டை. பஸ்ஸில் அதைத் தூக்கிக்கொண்டு போக அவன் பட்ட பாடு தனிக்கதை.

மூன்று வருஷம் போயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை சடையப்பன் சுனைக்கு ஏறினார். தோளில் கூடை நிறைய எலுமிச்சை. மரங்களில் வந்த முதல் நிறைகாய்ப்பு. சுனையம்மா ஒன்றை எடுத்து நகத்தால் லேசாகக் கீறி மோந்தாள். முகம் மலர்ந்தது. சடையப்பனுக்கு அது போதும்.

முற்றம் கூட்டினார். விறகு பிளந்தார். பிளந்து முடித்தும் போகாமல் நின்றார்.

"என்னண்ணே?"

"ஒரு சங்கதி சாமி. போன வாரம் நாங்க திருப்பூர் போயிருந்தோம். திரும்பி வந்து பாத்தா, வேலியோரத்து மரத்துல யாரோ நாலு குச்சி எடுத்திருக்காங்க."

"கோட்டைச்சாமியா?"

"அவனுக்கு எதுக்கு? அவன் வந்தா நடுத்தோட்டத்துல உக்காந்து காபி கேட்பான். இது வேற யாரோ. மேட்டுக் காட்டுப் பக்கம் புதுசா வந்திருக்கிற ஆளுங்களா இருக்கும்."

"ம்."

"மூணடுக்கு முள் இருந்த வேலி சாமி அது. எரிஞ்சதுக்கப்புறம் நான் திருப்பிக் கட்டல." கோடாலியைச் சுவரில் சாய்த்தார். "கட்டணுமோன்னு ஒரு யோசனை."

சுனையம்மா பழங்களைக் கூடையிலிருந்து எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கோவமாண்ணே?"

சடையப்பன் தனக்குள்ளே தேடிப் பார்த்தார். இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அது குச்சிக்காக வந்த கோபம் மாதிரி இல்லை.

"கோவம்தான் சாமி. பாவிப்பய, கையால முறுக்கிப் பிச்சிருக்கான். பட்டை நாரு நாராக் கிழிஞ்சு தொங்குது. அப்படிப் பிச்ச குச்சியில மொட்டு எப்படிச் சாமி பிடிக்கும்? நாலும் வீணாத்தான் போயிருக்கும்."

சுனையம்மா வெறும் கூடைக்குள் ஒரு பிடி உப்பைப் போட்டு அவரிடம் நீட்டினாள்.

"அப்ப வேலியில ஒரு ஒட்டுக் கத்தியைத் தொங்க விடுங்கண்ணே."