கொலுமண்டபத்தில் தாழங்குடை

மழைக்குக் குறைவில்லாத ஒரு நாட்டை முன்னொரு காலத்தில் செங்கோடவர்மன் என்னும் மன்னன் ஆண்டுவந்தான். தலைக்கு மேலே ஒரு குளம் இருந்தால் எப்படி இருக்கும் என்று அவனுக்கு ஒருநாள் தோன்றிவிட்டது. மன்னனுக்குத் தோன்றினால் போதாதா? பிரதானி சேனாதிராயர் புதிய கொலுமண்டபம் எழுப்பி, அதன் மாடியில் தாமரைக் குளமே கட்டிவிட்டார். மேலே அரசி நீராடினாள். கீழே மன்னன் கொலுவிருந்தான்.

ஆனால் குளத்து நீர் நாளுக்கு நாள் இறங்கியது. வெயில் குடிக்கிறது என்றார் பிரதானி. எங்கோ ஒழுகுகிறது என்று தண்ணீர் சுமப்பவர்கள் முணுமுணுத்தது மன்னன் காதில் விழுந்தது. வந்த கோபத்தில், தன் மண்டபம் ஒழுகுவதாகச் சொல்லும் நாக்கு அறுக்கப்படும் என்று பறையறைவித்தான்.

அந்த அவையில் விகடம் சொல்பவன் ஆவுடையான். அவன்மேல் மன்னன் வைத்திருந்த பிரியம் பிரதானிக்குத் தீராத வயிற்றெரிச்சல். இதுதான் சமயம் என்று, ஆவுடையானே மண்டபத்தைச் சோதித்து அவையறியச் சொல்லட்டும், பொய் சொன்னால் தலை போகட்டும் என்று மன்னனுக்கு ஓதினார். ஒழுகுகிறது என்றால் நாக்குப் போகும், இல்லையென்று பொய் சொன்னால் தலை போகும். மன்னனுக்கோ அந்தச் சூழ்ச்சி விளங்கவில்லை. தன் மண்டபம் பழுதற்றது என்று ஆவுடையான் வாயால் கேட்க ஆசை. சரியென்றுவிட்டான்.

அதன்பின் கண்டதெல்லாம் மன்னனைத் திகைக்கவைத்தது. அரசி அங்கே நீராடுவதை நிறுத்திவைத்து, வெயில் எட்டாதபடி ஆவுடையான் குளத்தை ஓலைப்பாய்களால் மூடினான். அப்படியும் நீர் இறங்கியது. பிறகு கூடை கூடையாக மஞ்சளைக் குளத்தில் கொட்டிக் கலக்கினான். சுவரில் காதை ஒட்டிவைத்து நெடுநேரம் நின்றான். தூண்களை நக்கிக்கூடப் பார்த்தான். பாவம், இவனுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று மன்னன் பயந்தே போனான்.

முடிவைச் சொல்லவேண்டிய நாளில் ஆவுடையான் தலைக்கு மேல் ஒரு தாழங்குடையைப் பிடித்தபடி அவைக்குள் நடந்துவந்தான்.

"ஆவுடையா, இந்த அவையில் எமக்கன்றி வேறெவருக்கும் குடை கிடையாது. மறந்தாயோ?" என்றான் மன்னன்.

"மறக்கவில்லை, அரசே. நாக்கால் சொல்லக்கூடாது என்பது கட்டளை. அதனால் கையால் சொல்கிறேன்."

இது அரசத் துரோகம், இவனைச் சிறையில் தள்ளவேண்டும் என்று பிரதானி வாசலருகிலிருந்து குரல் கொடுத்தார். அந்த நேரம் பார்த்துக் குடைமேல் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது. ஓலையில் மஞ்சளாக ஒரு கோடு வழிவதை மன்னன் பார்த்தான்.

ஆவுடையான் அண்ணாந்து, சிம்மாசனத்துக்கு நேர்மேலே பார்த்தான். சிரிப்பில்லாமல் மன்னன் ஒருநாளும் கண்டிராத அந்த முகம் வெளுத்துப்போயிற்று. குடையை வீசிவிட்டுச் சிம்மாசனப் படிகளில் தாவி ஏறினான். மன்னன் கையிலிருந்த செங்கோலைப் பிடுங்கிக்கொண்டு முற்றத்தை நோக்கி ஓடினான்.

காவலர்களுக்குக் கைகால் ஓடவில்லை. மன்னனுக்கு ரத்தம் தலைக்கேறியது. முப்பாட்டன் ஏந்திய செங்கோல். பட்டாடையை வாரிச் சுருட்டிக்கொண்டு தானே துரத்தினான். முற்றத்து வாசலில் ஆவுடையானின் இடைக்கச்சையை எட்டிப் பிடித்த கணத்தில் முதுகுக்குப் பின்னால் இடி விழுந்ததுபோல் ஒரு சத்தம்.

திரும்பிப் பார்த்தான். சிம்மாசனம் இருந்த இடத்தில் செங்கல்லும் உத்தரமும் குவிந்து கிடந்தன. மேலிருந்து மஞ்சள் நீர் அருவியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. இருபுறமும் அமர்ந்திருந்தவர்கள் உயிர்பிழைத்து, மஞ்சளில் குளித்து நின்றார்கள்.

பிரதானி மட்டும் ஒரு சொட்டுக்கூட நனையாமல் வாசலருகே நின்றார். அப்போதுதான் மன்னனுக்கு உறைத்தது. மண்டபம் கட்டிய நாள்முதல் இந்த மனிதர் ஒருநாளும் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றதில்லை.

"உமக்குத் தெரியும்," என்றான் மெதுவாக.

பிரதானி காலில் விழுந்தார். பாராட்டுக்கு ஆசைப்பட்டு, சுண்ணாம்புக் காரை காய்வதற்குள் குளத்தை நிரப்பச் சொன்னதையும், ஒழுகுவது தெரிந்தபின் சொல்லப் பயந்ததையும் ஒப்புக்கொண்டார்.

ஆவுடையான் மண்டியிட்டுச் செங்கோலை நீட்டினான். "எழுந்திருங்கள் என்றால், ஏன் என்று கேட்பீர்கள், அரசே. அதற்குப் பதில் சொல்ல எனக்கு நாக்கும் இல்லை, நேரமும் இல்லை."

மன்னன் செங்கோலை வாங்கிக்கொண்டான். அப்போது எதுவோ சளப்பென்று அடித்தது. இடிபாட்டின் உச்சியில், அரசன் அமரும் இடத்துக்கு நேராக, குளத்திலிருந்து விழுந்த கொழுத்த கெண்டை ஒன்று வாலை அடித்துத் துள்ளிக்கொண்டிருந்தது.

ஆவுடையான் அதைப் பயபக்தியோடு கும்பிட்டான். "தாங்கள் எழுந்து இன்னும் நாலு மூச்சு விடவில்லை. அதற்குள் பட்டத்துக்கு வந்துவிட்டார்."

மன்னன் அவனையே பார்த்தான். பிறகு நடுங்கிக்கொண்டே சிரிக்கத் தொடங்கி, கண்ணில் நீர் வழிய, தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தன் முத்தாரத்தைக் கழற்றி ஆவுடையான் கழுத்தில் போட்டான். நாக்கறுக்கும் கட்டளை அந்த இடத்திலேயே ரத்தாயிற்று. மண்டபம் மறுபடி எழும்பும்வரை காரைச் சட்டி சுமக்கும் வேலை பிரதானிக்கு வாய்த்தது. அதுவரை அந்நாட்டு அவை வெட்டவெளியில் கூடியது. அங்கே மன்னனிடம் எவரும் எதையும் வாய்விட்டுச் சொன்னார்கள்.