கொம்பையாவின் முன்பல்

டாக்டர் செல்வநாயகி கோவில்பட்டியில் இருபத்தாறு வருஷமாகப் பல் பிடுங்குகிறவர். கை சுத்தம், வேகம், வலி தெரியாது. அவர் கையால் ஒரு பல்லாவது போகாத வீடு அந்த ஊரில் இல்லை. அப்படிப்பட்டவருக்கு ஐம்பத்திரண்டு வயதில் ஓர் ஆசை வந்தது, பல்லைக் காப்பாற்றவும் கற்றுக்கொள்ளலாமே என்று. திருநெல்வேலியில் வேர் சிகிச்சை செய்யும் அன்வர்தீனிடம் போய்ச் சேர்ந்தார். குரு அவரைவிடப் பதினான்கு வயது சின்னவர். வியாழக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போவதைப் பார்த்து வீட்டுக்காரர் கேலி பண்ணினார். பண்ணட்டும் என்று விட்டுவிட்டார்.

அந்த பஸ்ஸில் கண்டக்டர் கொம்பையா. சின்ன வயதில் விழுந்து அடிபட்ட முன்பல் ஒன்று உள்ளுக்குள்ளேயே செத்துப்போய், வேர்நுனியில் சீழ் கட்டி, எலும்பு கரைந்திருந்தது. எக்ஸ்ரேயில் சுண்டைக்காய் அளவுக்குக் கறுப்பு வட்டம். வாயைப் பொத்திக்கொண்டு வந்தவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இதை மட்டும் எடுத்துறாதீங்க டாக்டரம்மா. விசில் இந்தப் பல்லுலதான் நிக்குது."

குரு சொல்லித்தந்தபடி செல்வநாயகி வேரைச் சுத்தம் செய்து அடைத்தார். வலி போனது, வீக்கம் வடிந்தது. மூன்று மாதம் கழித்து எக்ஸ்ரே எடுத்தால், கறுப்பு வட்டம் வைத்தது வைத்தபடி இருந்தது! இருபத்தாறு வருஷத்துக் கை சும்மா இருக்குமா? சனிக்கிழமை வரச் சொன்னார், பல்லை எடுத்துவிட்டுக் கட்டியைச் சுரண்டிவிடலாம் என்றார். அன்று புதன்; மறுநாள் வியாழக்கிழமை. பஸ்ஸில் கொம்பையா அவர் முகத்தைப் பார்க்காமல் சில்லறையை எண்ணினார். டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று வழிநெடுக விசில் ஊதாமல் பஸ்ஸின் தகரத்தைத் தட்டியே வண்டியைக் கிளப்பினார். ஒவ்வொரு தட்டும் செல்வநாயகிக்குச் சுருக்கென்றது.

அந்த எரிச்சலோடுதான் குருவின் முன்னால் போய் நின்றார்.

"வேரைச் சுத்தம் பண்ணியாச்சு டாக்டர். கட்டி ஏன் இன்னும் இருக்கு?"

அன்வர்தீன் எழுந்தார். அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். தை மாதம் செல்வநாயகியே ஒரு பெண்ணுக்குப் பல்லோடு பிடுங்கி, இங்கே பரிசோதனைக்கு அனுப்பிய கட்டியின் மெல்லிய சீவல் அதில் இருந்தது.

"இதுல கிருமியைக் காட்டுங்க, மேடம்."

இதென்ன பெரிய வேலை என்று குனிந்தார். நீல நீலமாக உயிரணுக்கள் அடைந்து கிடந்தன. கிருமியை விழுங்குகிறவை, கிருமிக்கு எதிர்மருந்து சுரக்கிறவை, அவற்றுக்குச் சோறு கொண்டுவரும் ரத்தக்குழாய்கள், சுற்றிலும் வேலி போல நார். மூலை மூலையாகத் தேடினார். கால் மணி நேரம் போனது. கழுத்து வலித்தது.

"ஒண்ணுகூட இல்லையே."

"அப்ப இங்க நிக்கிறவங்கெல்லாம் யாரு?"

"நம்ம ஆளுங்க."

"கிருமி எங்க இருந்துச்சு?"

"பல்லுக்குள்ள. வேர்க்குழாயில."

செல்வநாயகி பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். கெட்ட சதை, மிச்சமில்லாமல் எடுத்தாயிற்று என்று அந்தப் பெண்ணிடம் எவ்வளவு பெருமையாகச் சொன்னார்! இருபத்தாறு வருஷத்தில் இன்னும் எத்தனை பேரிடம் அப்படிச் சொல்லியிருப்பார்?

"சரி, எலும்பு ஏன் கரையணும்? நம்ம ஆளுங்களே நம்ம எலும்பைத் தின்பாங்களா?"

"காவலுக்கு நிக்க இடம் வேணுமே. எலும்பு ஒதுங்கிக் கொடுத்துச்சு. கிருமி போயிட்டா காவலும் மெல்லக் கலையும், எலும்பு திரும்பி வரும்."

"எல்லாக் கட்டியும் தானாப் போயிடுமா?"

"போகாது. சிலது பை மாதிரி தனியா மூடிக்கும். அதை அறுத்துத்தான் எடுக்கணும். ஆனா எது அப்படின்னு மூணு மாசத்து எக்ஸ்ரே சொல்லாது. ஒரு வருஷமாவது பாருங்க."

திரும்பும்போதும் அதே பஸ் கிடைத்தது. சனிக்கிழமை வரவேண்டாம், பல் இருக்கட்டும் என்று கொம்பையாவிடம் சொன்னார். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார். கயத்தாறில் ஆள் ஏறியதும் விசிலை எடுத்து ஊதினாரே ஓர் ஊது, டிரைவரே திரும்பிப் பார்த்துவிட்டார். செல்வநாயகி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

ஆனாலும் காத்திருப்பது லேசான காரியமா? ஆறாம் மாதம் கை துறுதுறுத்தது. ஒன்பதாம் மாதம் சந்தேகம் வந்தது. அடக்கிக்கொண்டார்.

வருஷம் திரும்பியதும் படம் எடுத்தார். கறுப்பு வட்டத்தின் ஓரமெல்லாம் நூல் நூலாக எலும்பு இறங்கியிருந்தது. நடுவில் கடுகளவுதான் பாக்கி. சந்தோஷம் தாங்கவில்லை. அந்தப் படத்தோடு முதல் பஸ்ஸிலேயே திருநெல்வேலிக்குக் கிளம்பிவிட்டார்.

அன்வர்தீன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்த்தார்.

"ஒரு சந்தேகம் டாக்டர். உள்ள கிருமி இல்லைன்னு இந்தக் காவல்காரங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? யார் போய்ச் சொன்னாங்க?"

"அவங்களுக்கு நீங்க வேரை அடைச்ச அன்னிக்கே தெரியும், மேடம். நமக்குத்தான் ஒரு வருஷம் ஆச்சு."