இனி நிக்காது, டீச்சர்

"டீச்சர், இந்தச் சனியன் மறுபடியும் நடுத்தண்ணியில நின்னு போச்சு!"

தொம்மை அந்த வாட்டர் ஸ்கூட்டரைக் கயிறு கட்டி இழுத்துவந்து கரையில் ஏற்றினார். அதில் சவாரி போன சுற்றுலாக்காரர் நனைந்த சட்டையோடு திட்டிக்கொண்டே நடையைக் கட்டினார்.

ஜெசிந்தா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னொரு வண்டியின் எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கழிமுகத்தில் ஓடும் அத்தனை வாட்டர் ஸ்கூட்டருக்கும் அவள்தான் வைத்தியர். தொம்மையின் மகள் வயசு. தொம்மையோ காலமெல்லாம் வள்ளத்து டீசல் எஞ்சினோடு மல்லுக்கட்டியவர். ஆனாலும் வித்தை என்று வந்துவிட்டால் வயசென்ன வயசு! தனக்குத் தொழில் சொல்லித்தருகிற அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

ஒரே ஒரு தொல்லை. டீச்சர் எதற்கும் நேராகப் பதில் சொல்லமாட்டாள்.

"பிளக்?" என்று கேட்டாள்.

"புதுசு போட்டாச்சு."

"பெட்ரோல்?"

"பழசை வடிச்சுட்டு வேற ஊத்தினேன்."

"பேட்டரி முனை?"

"பச்சை பூத்துக் கிடந்துச்சு. தேச்சுட்டேன்."

"அடியில தண்ணி உறிஞ்சற வாய்?"

"பாசியும் ஒரு பால் கவரும் இருந்துச்சு. பிடுங்கிப் போட்டுட்டேன்."

"அப்ப வண்டி தானா நிக்கலண்ணே. யாரோ நிறுத்துறாங்க. யாருன்னு பாருங்க."

"என்ன டீச்சர், பேயா பிசாசா?"

அவள் முதலில் தண்ணீரை நிறுத்தினாள். பிறகு எஞ்சினை அணைத்தாள்.

"நான் அக்கரை ரிப்பேர் கொட்டகைக்கு மாறிப் போறேன். இந்த வண்டி நிக்காம ஓடுச்சுன்னா இந்தக் கொட்டகை உங்க பொறுப்பு."

தொம்மைக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. வள்ளம் கைவிட்டுப் போனபிறகு அவரிடம் யாரும் எதையும் உங்கள் பொறுப்பு என்று ஒப்படைத்ததில்லை.

சாயங்காலத்துக்குள் ஆளைப் பிடித்துவிட்டார்.

கைப்பிடியோரம் ஒரு சிவப்புக் கயிறு. ஒரு முனையை ஓட்டுகிறவர் மணிக்கட்டில் பட்டையாகச் சுற்றி ஒட்டிக்கொள்வார். மறுமுனையில் உள்ள கிளிப் எஞ்சினை நிறுத்தும் பொத்தானில் மாட்டியிருக்கும். ஆள் தண்ணீரில் விழுந்தால் கிளிப்பும் கூடவே பிடுங்கிக்கொண்டு போகும், எஞ்சின் அணையும். இந்தக் கிளிப் தேய்ந்துபோய் லொடலொடவென்று ஆடியது. சின்ன அலைக்கே கழன்று விழுந்தது.

"அட நாசமாப் போறவனே, நீதானா!"

புதுக் கிளிப் வாங்க டவுனுக்குப் போகவேண்டும். யார் போவது? தொம்மை தூண்டில் நரம்பை எடுத்தார். கண்ணாடி மாதிரி இருக்கும், கிட்டப்போனாலும் தெரியாது. கிளிப்பைப் பொத்தானோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். இழுத்துப் பார்த்தார். இம்மியும் அசையவில்லை. வலை முடிந்த கையாச்சே!

மறுநாள் காலையில் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"கோளாறைப் பிடிச்சுட்டேன். இனி நிக்காது, டீச்சர்."

"நிஜமாவா?"

"எமனே வந்து மறிச்சாலும் நிக்காது!"

தொம்மை தொட்ட வேலை எதுவானாலும் சீட்டைத் தூக்கி, விளக்கடித்து, விரலால் தடவிப் பார்ப்பது ஜெசிந்தாவின் வழக்கம். இன்றைக்கு அவள் எதையும் பார்க்கவில்லை. லைஃப் ஜாக்கெட்டை மாட்டினாள், சிவப்புக் கயிற்றை மணிக்கட்டில் சுற்றினாள், ஏறிவிட்டாள்.

டீச்சர் நம்மை நம்பிவிட்டாள்! தொம்மைக்கு உச்சி குளிர்ந்துபோனது.

வண்டி சீறிக்கொண்டு போனது. ஒரு விக்கல் இல்லை, ஒரு இருமல் இல்லை. கடல் அலை வந்து முட்டும் இடத்தில் சட்டென்று வளைத்துத் திருப்பினாள்.

அடுத்த நொடி வண்டியில் ஆள் இல்லை.

தொம்மை கண்ணைக் கசக்கிக்கொண்டார். தண்ணீரில் ஒரு ஆரஞ்சு ஜாக்கெட் மிதந்தது. மணிக்கட்டுப் பட்டை பிய்ந்துவிட்டது, கிளிப் கழலவில்லை.

எஞ்சின் சத்தமும் அடங்கவில்லை. உப்பேறிய ஆக்சிலேட்டர் பாதியில் சிக்கிக்கொண்டதோ என்னவோ, ஆளில்லாத வண்டி வளைத்த கைப்பிடியோடு வட்டம் போட்டது. ஜெசிந்தாவைச் சுற்றி வட்டம் போட்டது.

"ஐயோ டீச்சர்! முங்குங்க! முங்குங்க!"

அவள் முங்கப் பார்த்தாள். ஜாக்கெட் விடவில்லை, மேலே தூக்கிப் போட்டது. வண்டி அவள் தலையை உரசிக்கொண்டு போய்த் திரும்பியது. மறுபடி வந்தது.

கட்டினது யாரு? நான்தானே! இந்தக் கைதானே! தொம்மை உடுத்திய வேட்டியோடு தண்ணீரில் பாய்ந்தார்.

பாதி தூரம் நீந்துவதற்குள் ஒரு பெரிய அலை வந்து வண்டியைப் பக்கவாட்டில் தூக்கி மணல்திட்டில் எறிந்தது. அது மணலைக் குடித்து, ஓலமிட்டு, அடங்கியது.

தொம்மை அவள் ஜாக்கெட்டைப் பற்றிக் கரைக்கு இழுத்துவந்தார். நெற்றியில் ரத்தம். ஆனால் கண் திறந்திருந்தது, மூச்சு இருந்தது. அவர் கோவென்று அழுதார். ஈர மணலில் விழுந்து கும்பிட்டார்.

"புரிஞ்சு போச்சு டீச்சர், புரிஞ்சு போச்சு! நான் கட்டின நரம்பை நீங்க அப்பவே பாத்துட்டீங்க. எனக்குப் பாடம் சொல்லத்தான் வேணும்னே விழுந்தீங்க. அதுக்காக உயிரையா பணயம் வைக்கிறது? இனி சத்தியமா இப்படிச் செய்யமாட்டேன்!"

ஜெசிந்தாவின் பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன. அவரையே வெறித்துப் பார்த்தாள்.

"நான் வழுக்கி விழுந்தேண்ணே," என்றாள். "எந்த நரம்பு?"