மதகுத் திருகின் விளிம்பு

ஒரு விடுகதை. மலைப்பாதை போலச் சுற்றிச் சுற்றி மேலே போகும். அதில் யாரும் நடப்பதில்லை. பாதையே சுழலும், கதவு மேலே ஏறும். அது என்ன?

திருகுதான். குளத்து மதகின் கதவைத் தூக்குகிற ஆளுயர இரும்புத் திருகு.

அப்படி ஒன்றை முதன்முதலாகத் தனியாகவே லேத்தில் கடைந்து முடித்திருந்தார் சின்னச்சாமி. பஸ் ஓட்டுவதை விட்டுவிட்டுத் தொழில் கற்க வந்தவர். அவருடைய குரு வாசுகி வயதில் இளையவர்.

வாசுகி திருகைச் சுற்றி ஓடும் சுருள் வெட்டான மரையை அளந்து பார்த்தார். அளவு சரி. வளையத்துக்கு வளையம் விளிம்பு கத்தி போல மின்னியது.

“அரம் போட்டு விளிம்பை மழுக்கிருங்கண்ணா. திருகை ஏத்திட்டுப் போக வண்டி வந்துரும்.”

சின்னச்சாமி அரத்தை எடுக்கவில்லை. அரம் ஒருமுறை வழுக்கினால் போதும். மரையில் கீறல் விழும். கடைந்ததெல்லாம் பழைய இரும்புக்குப் போய்விடும்.

“எதுக்குங்க அம்மிணி? அளவு சரியாத்தான இருக்குது?”

“இருக்குதுங்க.”

“மரை சுத்தமா விழுந்திருக்குதுங்களா?”

“நான் கடைஞ்சாக்கூட இப்படி வராதுங்க.”

“அப்புறம் குறை எங்கீங்க?”

வாசுகி கிரீஸ் டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

“அதை அப்புறம் பேசலாம். முதல்ல கிரீஸ் பூசுங்க.”

சின்னச்சாமி பிரஷ்ஷைத் தேடினார்.

“மதகு திறக்கிற ஊர்க்காரர் பிரஷ் வச்சுக்கமாட்டாருங்கண்ணா. வெறுங்கைதான். மேலிருந்து கீழே ஒரே இழுப்பு.”

“அதுக்கென்னங்க, இழுத்துட்டாப் போச்சு.”

சின்னச்சாமி உள்ளங்கை நிறையக் கிரீஸை அள்ளினார். திருகின் தலைப்பக்கம் கையைக் கொண்டுபோனார். கை அங்கேயே நின்றது.

“என்னங்கண்ணா, ஸ்டாப்பிங் வந்துருச்சா?”

பக்கத்து லேத்தில் நின்றவர் சிரித்தார். சின்னச்சாமிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கிரீஸை டப்பாவிலேயே வழித்துப் போட்டார். ஆனாலும் அவர் கண் திருகைவிட்டு நகரவில்லை.

“அரம் வழுக்கிருச்சுன்னா என்னங்க பண்றது?”

“வேற இரும்பு வாங்கிக்கலாமுங்கண்ணா” என்றார் வாசுகி.

சின்னச்சாமி கையைத் துடைத்துக்கொண்டு அரத்தை எடுத்தார்.