மலைவேம்புக்கு நடுவே மக்காச்சோளம்

மடத்துக் காட்டில் மலைவேம்பு வரிசைகளுக்கு நடுவே மக்காச்சோளம் போட்டவர் உலகப்பன். மனைவி போனபின் மளிகைக்கடையை மூடிவிட்டு மடத்துக்கு வந்தவர். தராசு முள்ளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் காடு புதுசு. குருவான செம்மலரம்மைக்கு அவருடைய மகள் வயதுதான். ஆனாலும் வாய் நிறையத் "தாயே" என்றுதான் கூப்பிடுவார்.

முதல் வருடம் கதிர் முழங்கை நீளம் விளைந்தது. அடுத்த வருடம் அதில் பாதி. இந்த வருடமோ பயிர் காமாலை கண்ட பிள்ளைபோல மஞ்சள் பூத்து நின்றது. மடத்துக்கு வருடம் முழுக்கச் சாப்பாடே அந்தச் சோளம்தான். உலகப்பனுக்குத் தூக்கம் போயிற்று.

ஒருநாள் காலையில் கோடாலியோடு குருவின் முன்னால் வந்து நின்றார்.

"தாயே, மண்ணுல இருக்கற சத்தையெல்லாம் மரம் உறிஞ்சிருதுங்க. உத்தரவு குடுத்தீங்கன்னா வெட்டிப் போடறனுங்க."

"மரமெல்லாம் சின்னக் கன்னா இருந்தப்போ குடம் குடமாத் தண்ணி சுமந்து ஊத்துனது யாருங்க?"

"நாந்தானுங்க. வயித்துக்கு இல்லாதப்போ பாசம் பாத்தா ஆகுமுங்களா?"

"ஆகாதுதான். வெட்டலாம். கோடாலிய வெச்சுட்டு எங்கூட வாங்க."

வேலிக்கு வெளியே, அதே வரிசையின் கடைசி மரம் தனியாக நின்றது. அதனடியில் யாரும் விதைக்காத சோளச் செடிகள் நாலைந்து. மூட்டையிலிருந்து சிந்தியதாக இருக்கும். உலகப்பனின் தலைக்கு மேல் வளர்ந்து, கரும்பச்சையாக, ஆளுக்கு இரண்டு கதிர் சுமந்து நின்றன.

"இதுவும் நம்ம மரந்தானுங்களே?"

"அதே நாத்துதான். மண்ணுல கைய விட்டுப் பாருங்க."

சருகை விலக்கிக் கையை விட்டார். மணிக்கட்டுவரை இறங்கியது. கறுத்த மண், போன வருடத்துச் சருகு பாதி மக்கிக் கிடந்தது. மண்புழு ஒன்று விரலிடுக்கில் நெளிந்தது.

வேலிக்குள் ஓடிவந்து தோண்டினார். நகம்தான் உடைந்தது. தரை கோயில் வாசலைப்போலத் துப்புரவாக இருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"உள்ள உதிர்ந்த சருகெல்லாம் எங்கீங்க போச்சு?" என்று கேட்டார் அம்மை.

"தெனமும் கூட்டித் தீ வெச்சுருவனுங்க. கதிரு அறுத்தப்பறம் அடிக்கட்டையையும் ஒண்ணு விடாமப் புடுங்கிருவனுங்க."

"எதுக்கு இத்தனை பாடு?"

உலகப்பன் தலை குனிந்தார். துறவு பூண்ட நாளிலிருந்து அம்மை காலில் எதுவும் அணிந்ததில்லை. விடியலில் அந்த மரவரிசைகளுக்குள்தான் நடப்பார்.

"அறுத்த கட்டை ஊசியாட்ட இருக்குமுங்க. சருகுக்குள்ள தேள் கெடக்கும். தாயோட பாதத்துல..."

அந்த நரைத்த தலையைப் பார்த்ததும் அம்மையின் கண்கள் நிறைந்துவிட்டன.

"நாளைக்குச் சந்தைக்குப் போறப்போ எனக்கொரு சோடி செருப்பு வாங்கியாங்க. அடி நல்லாக் கெட்டியாப் பாத்து."